அப்பா பேசினார்

என் அப்பா ஆண்டியப்பன் ஒரு நாளும் யாரையும் ஏசியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடுவில் நிறுத்திச் சொல்ல எனக்குப் பொறுமை இராது. ஏசுகிற வாய் எனக்குத்தான் வாய்த்தது, அது அம்மா வழி. அப்பா கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துவிட்டு ஓடும் ஆட்டைக்கூட "போயிட்டு வா கண்ணு" என்று அனுப்பிவைக்கிற மனிதர். அப்படிப்பட்டவரை, வாய்க்கொழுப்பால் செத்தவர் என்று ஒருவர் கரும்பலகைக்கு முன்னால் நின்று படிப்பித்தார். நான் முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து அதைக் குறிப்பெடுத்தேன்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு மாசி மாதம் அது. வவுனியாப் பட்டினத்தில் ஓர் இரும்புக்கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் சனிக்கிழமைதோறும் எங்களுக்கு வகுப்பு. பல்கலைக்கழகத்துக்குள் போகப் புள்ளி போதாதவர்கள் வெளியிலிருந்தே படித்துப் பட்டப் பரீட்சை எழுதலாம். நாங்கள் அந்தக் கூட்டம். வெயில் ஏற ஏறத் தகரம் படபடவென்று வெடிக்கும், எங்கள் மண்டையும் வெடிக்கும். ஆனாலும் பரமேஸ்வரன் சேர் கிளிநொச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து தமிழ் இலக்கியம் படிப்பித்தால் ஒருவரும் அசையமாட்டோம். நல்ல மனிதர், கதை சொன்னால் கண்முன்னே நடக்கும். அதுதான் வினை.

அந்தக் கொட்டகையில் நான் சிவலட்சுமி, நெளுக்குளம். அதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தேயிலை மலையிலிருந்து அடித்து விரட்டப்பட்டு லொறியில் வந்து இறங்கிய சனம் நாங்கள் என்பதை என் நாக்கு மறைத்துவிட்டது. ஆறு வருடத்தில் நான் இந்த ஊர்த் தமிழை அப்படிப் பிடித்துவிட்டேன். "ஓம்" என்பேன், "வாறன்" என்பேன். "தோட்டக்காட்டுச் சனம்" என்று யாராவது எங்களைப் பற்றி இளக்காரமாகச் சொன்னால், வேறு யாரையோ சொல்வது போல் கொப்பியைப் புரட்டுவேன். வீட்டுக்குப் போனால் நாக்கைக் கழற்றி வைத்துவிட்டு அம்மாவோடு பழைய நாக்கில் பேசுவேன்.

பேசுவேன் என்று எழுதிவிட்டேன் பாருங்கள். இந்தச் சொல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். எங்கள் மலைப்பக்கத்தில் பேசுவதென்றால் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்வது. இந்தப் பக்கத்தில் அதற்குக் கதைப்பது என்று பெயர். இங்கே பேசுவதென்றால் ஏசுவது. புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் கிழமை, ரீச்சர் என் வாடிய முகத்தைப் பார்த்து, "வீட்டிலை அம்மா பேசுறவாவோ?" என்று கேட்டார். நானும், "ஆமாங்க டீச்சர், எந்நேரமும் பேசுவாங்க" என்றேன். பாவம், அந்த ரீச்சர் எனக்குத் தின்ன ஒரு பணிஸ் வாங்கித் தந்து தலையைத் தடவிவிட்டார். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் சிரித்துச் சிரித்து எனக்கு விளங்கப்படுத்தினார்கள். அன்றே படித்த பாடம். ஆனால் அதே சொல்லை அம்மாவும் ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிகிறாள் என்பது என் மரமண்டையில் ஏறவேயில்லை.

அன்றைக்கு சேர் அவலச்சுவை எடுத்தார். கரும்பலகையில் "குறை" என்று பெரிதாக எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"வெளியிலையிருந்து வந்து விழுறது விபத்து. தன்ரை குணத்துக்குள்ளையிருந்து வாறதுதான் அவலம். நாயகன் நல்லவன், ஆனால் அவனிட்டை ஒரு குறை. அந்தக் குறையே அவனைக் கொல்லும். விளங்குதோ? காவியத்துக்குப் போகத் தேவையில்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்திலை அகதியா வந்த சனத்துக்கு நான் இங்கை முகாமிலை தொண்டு செய்தனான். அங்கை ஒரு மனுசி. புருசனைத் தோட்டத்திலை வெட்டிப் போட்டாங்கள். என்ன நடந்தது அம்மா எண்டு கேட்டன். அவா ஒரேயொரு வசனம்தான் சொன்னவா."

அவர் குரலை மாற்றினார். எங்கள் குரலுக்கு மாற்றினார்.

"அவரு பேசிக்கிட்டே இருந்தாருங்க. நாங்க ஓடிட்டோம்."

கொட்டகையில் ஒரு சிரிப்பு எழுந்தது. பக்கத்தில் இருந்த இரஞ்சிதம் வாயைப் பொத்திக்கொண்டாள். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன், புதுக் குரல் கேட்டால் வருகிற சிரிப்பு. எனக்கோ தூக்கிவாரிப் போட்டது. அது அம்மாவின் வசனம். முகாமில் நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது என் தலைமாட்டில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அம்மா சொன்ன வசனம். அன்றிலிருந்து அந்தச் சனிக்கிழமை வரை அந்த நாளைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

சேர் சிரிக்கவில்லை. "யோசிச்சுப் பாருங்கோ. கத்தி பொல்லோடை ஒரு கூட்டம் வந்து நிக்குது. மனுசி பிள்ளையள் ஓடுதுகள். இந்த மனுசனும் ஓடியிருக்கலாம். ஓடேல்லை. நிண்டு பேசுறார். ரோசம். வாயை அடக்கத் தெரியேல்லை. வெட்டுறவனைப் பாத்துப் பேசுறார், பேசிக்கொண்டே இருக்கிறார். அந்த வாயே அவருக்குக் கூற்று. இதுதான் அவலம்" என்றார்.

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இரஞ்சிதம் கண்ணைத் துடைத்தாள். என் அப்பாவுக்காகத்தான் துடைக்கிறாள், ஆனால் அவள் அழுவது என் அப்பாவுக்கு அல்ல, யாரோ ஒரு வாய்க்காரனுக்கு. நான் விறைத்துப்போய் இருந்தேன். என் கை மட்டும் தன்பாட்டுக்கு "வாயே கூற்று" என்று கொப்பியில் எழுதியது. எழுந்து கத்தியிருக்க வேண்டும். எழுந்தால் நான் யாரென்று தெரிந்துவிடும். குந்திக்கொண்டே இருந்தேன். என்ன பிறவி நான் என்று அப்போது என்மீதே வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல.

சைக்கிளை எப்படி மிதித்து வீடு வந்தேனோ தெரியாது. அம்மா முற்றத்தில் படங்கு விரித்துச் செத்தல் மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப்பக்கத்து நாகேஸ்வரி அக்கா செம்பில் மோர் கொண்டுவந்து அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தா. அவா குடும்பம் குளத்து வயலுக்காகப் பருத்தித்துறைப் பக்கமிருந்து வந்து குடியேறியது. நாங்கள் முகாமிலிருந்து வந்த அன்று முதல் சோறு தந்தவா. தங்கமான மனுசி.

நான் சைக்கிளை வேலியில் சாத்தக்கூட இல்லை, அப்படியே கீழே போட்டேன்.

"அக்கா, எங்கடை அப்பா எப்பிடிச் செத்தவர்?"

அவா திகைத்துப் போனா. "இதென்ன பிள்ளை, விசர்க் கேள்வி? வந்தவங்களைப் பேசினபடியால்தானே. கொம்மாதானே எனக்குச் சொன்னவா."

"பேசினவர் எண்டால்?"

"பேசினவர் எண்டால் பேசினவர்தான். கிழி கிழியெண்டு கிழிச்சிருப்பார். ரோசக்கார மனுசன், பாவம்."

அம்மாவின் கையிலிருந்த மிளகாய் எல்லாம் படங்குக்கு வெளியே சிதறியது. "என்னாது? கிழிச்சாரா? யாரு, எங்க வீட்டுக்காரரா?"

"ஓம் ராக்காயி. நீர்தானே சொன்னனீர்?"

"அவரு பேசினாருன்னுதாங்க சொன்னேன். திட்டினாருன்னு சொல்லலியே. அவரு ஒரு எறும்பக்கூடத் திட்ட மாட்டாருங்க!"

நாகேஸ்வரி அக்கா அம்மாவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. வாய் மெல்லத் திறந்தது. "ஐயோ அம்மாளே! அப்ப அவர் கதைச்சவரோ?"

"ஓம் அக்கா. கதைச்சவர்."

அவா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. செம்பு சரிந்து மோர் மண்ணில் ஓடியது, ஒருவரும் அதைப் பிடிக்கவில்லை. பிறகு அவா எல்லாவற்றையும் சொன்னா. எங்கள் ஊரில் யாராவது சங்கக் கடையில் சண்டை பிடித்தால், "இவனுக்கு ஆண்டியப்பன்ரை வாய்" என்று சொல்வார்கள். அக்காவே தன் புருசன் துள்ளும்போது, "பேசிப் பேசி ஆண்டியப்பன் போன வழி போகப்போறியள்" என்று அடக்குவாவாம். ஆண்டியப்பன் வாய்! நானும் அம்மாவும் அதை எத்தனை முறை காதால் கேட்டிருப்போம். பேச்சுத் திறமையைத்தான் சொல்கிறார்கள் என்று இருந்துவிட்டோம், அம்மாவுக்கு அது பெருமை. கேட்கும்போதெல்லாம் தலைமுக்காட்டைச் சரிசெய்து மெல்லச் சிரிப்பாள். தன் புருசனை ஊர் மறக்கவில்லை என்று நினைத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊர் வாயைத் திறந்துவிட்டவளே அம்மாதான், அதுவும் தெரியாமல்.

அக்கா அழுதுகொண்டே போனா. நான் வகுப்பில் நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். சேர் குரலை மாற்றிச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன்.

"வாத்தியாருகிட்ட நீ சொன்னியா, அப்புடி இல்லைன்னு?"

"இல்லம்மா."

"ஏன்?"

அம்மா என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"சொன்னா நாம மலையிலருந்து வந்தவங்கன்னு தெரிஞ்சிரும்மா."

"அவங்களுக்குத் தெரியாதா?"

இந்தக் கேள்வியைவிட அவள் என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம். அவள் முகத்தில் அப்படி ஒரு திகைப்பு. அப்பா ஏசினார் என்று கேட்டபோதுகூட அவள் அப்படிப் பார்க்கவில்லை.

"அப்ப நீ யாரு வீட்டுப் புள்ளன்னு சொல்லி வச்சிருக்க?"

ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் வாய் எனக்குத் தெரியும், அதைத்தானே நான் வாங்கி வந்திருக்கிறேன். அவள் ஏசவில்லை. சிந்திய மிளகாயை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எல்லாம் பொறுக்கி முடித்த பிறகு, "வர்ற சனிக்கெழம நானும் வாரேன்" என்றாள். வேண்டாம் என்று எவ்வளவோ மன்றாடினேன். ராக்காயி ஒரு முடிவெடுத்தால் குளக்கட்டே உடைந்தாலும் மாறமாட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஒரே பஸ்ஸில் போனோம். அம்மா கண்டாங்கிச் சேலையைத் துவைத்து உடுத்து, தலையில் எண்ணெய் வைத்து, கோயிலுக்குப் போகிற மாதிரி வந்தாள். கொட்டகைக்குள் வரச் சொன்னால் வரவில்லை. "நீ போயி பேசு. நான் இங்கன கேட்டுக்கிட்டு நிக்கிறேன்" என்று வாசல் வேம்பின் கீழ் நின்றுகொண்டாள். உள்ளே போகிறவர்கள் அவளை இரும்புக்கடைக்கு வந்த கூலிப் பெண் என்று நினைத்திருப்பார்கள்.

சேர் வந்து சோக்கட்டியை எடுத்தார். நான் எழுந்தேன்.

"சேர், நான் பேசவேணும்."

எல்லாத் தலைகளும் திரும்பின. சேர் புருவத்தை உயர்த்தினார். "ஆரைப் பிள்ளை பேசப்போறீர்? என்னையோ?"

கொட்டகை கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் என்னைக் காப்பாற்றியது. பயம் எல்லாம் எங்கே போனதோ, மூக்குக்கு மேல் கோபம் வந்து நின்றது.

"ஓம் சேர். உங்களைத்தான். முதல்லை உங்கடை தமிழிலை பேசுறன். போன கிழமை நீங்கள் படிப்பிச்சது பிழை. ஒரு செத்த மனுசனை நீங்கள் திரும்பவும் வெட்டிப் போட்டியள். இனி எங்கடை தமிழிலை பேசுறன்."

நாக்கைக் கழற்றினேன். வீட்டில் மட்டும் கழற்றுகிறதை அந்தக் கொட்டகை நடுவில் கழற்றினேன்.

"அவரு எங்க அப்பாங்க. பேரு ஆண்டியப்பன். அவரு யாரையும் ஏசலைங்க. எங்க ஊருல பேசுறதுன்னா கதைக்கிறது. எங்க லயத்து வீட்டு வரிச வாசல்ல அவங்க வந்து நின்னப்போ, எங்கப்பா முன்னால போயி கையக் கட்டிக்கிட்டு அவங்க பாஷையில, சிங்களத்துல பேசினாரு. அவரு பேசப் பேச அவங்க நின்னாங்க. அவங்க நின்ன நேரத்துலதான் நாங்க பின் கதவால தேயிலைக்குள்ள ஓடினோம். அந்த லயத்துல இருந்த அத்தன புள்ளைகளும் இன்னைக்கு உசுரோட இருக்குங்க. நானும் அதுல ஒருத்தி. அதத்தான் எங்கம்மா ஒங்ககிட்ட சொன்னாங்க."

தகரம் வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இரஞ்சிதம் என்னை முன்பின் பார்த்திராத ஆளைப் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சேரின் முகத்தில் இரத்தமே இல்லை. கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"பேசினவர் எண்டால்... கதைச்சவர்" என்று தனக்குள் சொன்னார். "நான் உதைக் கிளிநொச்சியிலை படிப்பிச்சிருக்கிறன். புதுக்குடியிருப்பிலை படிப்பிச்சிருக்கிறன். ஒட்டுசுட்டானிலை கோயில் மேடையிலை சொல்லியிருக்கிறன். கடவுளே! ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தமெண்டு அந்த மனுசியிட்டையே ஒருக்காத் திருப்பிக் கேட்டிருக்கலாம்."

ஏச்சு வாங்கத் தயாரான பிள்ளை போல இருந்தார். எனக்குக்கூடப் பாவமாகிவிட்டது. பிறகு மெல்லத் தலையை நிமிர்த்தி என்னைக் கேட்டார்.

"பிள்ளை, அவர் என்ன கதைச்சவர்?"

எனக்குத் தெரியாது. பதின்மூன்று வயதில் நான் முதல் ஆளாக ஓடியவள். அதன் பிறகு ஒரு நாளும் நான் கேட்கவில்லை. நாகேஸ்வரி அக்கா கேட்கவில்லை, ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. ஏசியவனிடம் என்ன சொல்லி ஏசினாய் என்று யார் கேட்பார்கள்? ஆனால் நான் கேட்டிருக்கலாமே. அப்பா கடைசியாக என்ன பேசினார் என்று தெரியாமலா நான் இவ்வளவு துள்ளினேன் என்று அப்படியே மலைத்துப்போய் நின்றேன்.

"பேரச் சொல்லிக் கேட்டாருங்க ஐயா."

வாசலில் அம்மா நின்றாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்திருந்தாள். சேர் துடித்து எழுந்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. கரும்பலகையைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் கடைசியாத்தான் ஓடினேன். கதவுக்குப் பின்னால நின்னேன். வந்தவங்கள்ல பாதிப் பேரு பக்கத்து ஊருக்காரங்க. அவங்க வீட்டுக்கு இவரு கூரை வேய, கெணறு எறைக்கன்னு போறவரு. ஒவ்வொருத்தனையும் பேரச் சொல்லிக் கூப்புட்டாரு. 'பியதாச, அம்மாவுக்குக் கண்ணு இப்பத் தெரியுதா?'ன்னாரு. 'ரத்னே, மாடு கன்னு போட்டுருச்சா?'ன்னாரு. பேரச் சொல்லிக் கேட்டா எப்புடிங்க பதில் சொல்லாம இருக்கிறது? சொன்னாங்க. வெட்ட வந்தவன் நின்னு, அம்மாவுக்குக் கண்ணு தேவலைன்னு சொன்னான். அப்புடியே ரெண்டு மூணு பேரு தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரும்பிப் போயிட்டாங்க."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். நான் இதையெல்லாம் முதல் முறையாகக் கேட்கிறேன்.

"ஒருத்தன் மட்டும் வெளியூரு. சின்னப் பய. அவன் பேரு இவருக்குத் தெரியல. 'தம்பி, ஒன் பேரு என்னா?'ன்னு கேட்டாரு."

சேர் ஓரடி முன்னால் வந்தார். "அவன் சொன்னவனோ அம்மா?"

"சொன்னான்" என்றாள் அம்மா. "சொல்லிட்டுத்தான் வெட்டுனான்."

சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். அவருக்குப் பின்னால் கரும்பலகையில் போன கிழமை எழுதிய "குறை" இன்னும் வட்டத்துக்குள் மங்கலாக இருந்தது. நான் வாங்கில் விழுந்தேன். அப்பா, அப்பா என்று வாய்விட்டு அழுதேன். ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் அழுதேன்.

முதலில் அசைந்தவள் இரஞ்சிதம். என்னை இறுகப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, வாங்கின் ஓரத்தில் இடம் விட்டாள்.

"அம்மா, இஞ்சை வாங்கோ. வந்து இருங்கோ" என்றாள். "வேறை என்ன கதைச்சவர்?"

அம்மா வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு வகுப்பு முடியும் வரைக்கும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.